ஜைத்தூன் துவையலும் நாவெனும் தராசும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



சென்ற மாதம் ஒரு வெள்ளி இரவு, இஷாவுக்குப் பின் நமது இல்லத்தில் ராத்திபு ஓதி முடித்து, வந்திருந்தவர்களுக்கு ரொட்டியும் ஜைத்தூன் துவையலும் வைத்தோம். தொட்டுச் சாப்பிட்ட பெரியவர் ஒருவர், "இது என்ன தம்பி, தேங்காயும் இல்லை, புளியும் இல்லை, ஆனாலும் நாக்கை விட்டுப் போகமாட்டேன் என்கிறதே!" என்றார். வீட்டிலேயே அரைத்தது என்றோம். உடனே நாலைந்து பேர், "செய்முறையை நமது சங்கத்து இதழில் எழுதுங்கள், வீட்டிலுள்ளவர்களும் செய்து பார்க்கட்டும்" என்றார்கள். நாமும் சரியென்று ஒப்புக்கொண்டோம்.

எழுத உட்கார்ந்தபோதுதான், துவையலை மட்டும் எழுதிவிட்டு எழுந்துவிட நமக்கு உரிமையில்லை என்று தோன்றிற்று. அந்தக் கனியின் பேரால் நமது கடையில் நடந்துவிட்ட ஒரு தவறு நெஞ்சில் முள்ளாகக் கிடக்கின்றது. அதையும் சொல்லிவிட்டால் மற்றொரு வியாபாரி அதே குழியில் விழாமல் இருக்கலாம். நாம் ஆலிம் அல்லர். மதரஸாவில் ஓதியதும், ஆரம்பப் பள்ளியில் படித்ததும், கல்லாவில் உட்கார்ந்து கற்றதுமே நமது கல்வி. பிழையிருந்தால் ஆலிம் பெருமக்கள் திருத்துவார்களாக.

சகோதரர்களே, அல்லாஹுத்தஆலா தன் திருமறையில் ஜைத்தூனை ஆறு இடங்களில் பெயர் சொல்லிக் கூறியிருக்கின்றான். அன்ஆம் அத்தியாயத்தில் இரண்டு இடங்களிலும், நஹ்ல், நூர், அபஸ, தீன் ஆகிய அத்தியாயங்களிலும் அது வருகின்றது. முஃமினூன் அத்தியாயத்தின் 20-வது ஆயத்தில் பெயரைச் சொல்லாமல், தூர்ஸினாய் மலையிலிருந்து முளைக்கும் மரம் என்று குறிப்பிட்டு, அது எண்ணெயையும், உண்பவர்களுக்குத் தொட்டுக்கொள்ளும் பொருளையும் தருகின்றது என்று அறிவிக்கின்றான்.

அந்தத் தொட்டுக்கொள்ளும் பொருளுக்குத் திருமறை வழங்கும் சொல் 'ஸிப்கு' என்பதாகும். சாயம் தோய்ப்பதைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. வெண்ணிறத் துணி சாயத்தில் தோய்ந்து நிறம் பெறுவதுபோல், வெறும் ரொட்டி எண்ணெயில் தோய்ந்து நிறமும் ருசியும் பெறுகின்றது என்று பெரியோர்கள் விளக்குவார்கள். ஆகவே நமது வீட்டுப் பெண்கள் துவையல் என்று சொல்வதற்கும் திருமறையின் அந்தச் சொல்லுக்கும் அதிக தூரமில்லை. தென் பிரான்சு நாட்டார் ஜைத்தூன் காயை அரைத்து டாப்பனாட் என்று பெயரிட்டு ரொட்டியில் தடவுகிறார்கள். அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே, இக்கனி ரொட்டியின் துணை என்பதை நம் மறை சொல்லிவிட்டது.

இனி தீன் அத்தியாயத்தைப் பாருங்கள். அத்தியின் மீதும் ஜைத்தூனின் மீதும் சத்தியமிட்டு அல்லாஹ் தொடங்குகின்றான். இவை கனிகளே என்று விரிவுரையாளர் சிலரும், அவை விளையும் புண்ணிய பூமிகளைக் குறிக்கின்றன என்று வேறு சிலரும் கூறுவார்கள். சத்தியமிட்டபின் அல்லாஹ் பேசுவது எதைப்பற்றி? கனியின் குணத்தைப் பற்றியா? எண்ணெயின் விலையைப் பற்றியா? இல்லை. மனிதனைப் பற்றியே பேசுகின்றான். மனிதனை மிக அழகிய அமைப்பில் படைத்ததையும், பிறகு அவன் தாழ்ந்தவரிலெல்லாம் தாழ்ந்தவனாகிப் போவதையும், ஈமான் கொண்டு நற்செயல் புரிந்தவர்கள் மட்டுமே தப்பிப்பதையும் சொல்கின்றான். கனியைக் காட்டி மனிதனைப் பேசுகின்றான் ரப்பு. நாமோ கனியைப் பேசிப் பேசியே, எதிரில் நிற்கும் மனிதனை மறந்துவிட்டோம். நாம் சொல்லவந்த குற்றத்தின் சாரம் இதுவேயாகும்.

நமது கடை ஈப்போவுக்கு வெளியே, சுங்கை சிப்புட் போகும் பாதையில் இருக்கின்றது. சில ஆண்டுகளுக்கு முன் ரமலானை ஒட்டி பேரீச்சம்பழத்தோடு ஜைத்தூன் எண்ணெயும், காய்ப் போத்தல்களும் அதிகமாக வாங்கிவிட்டோம். பெருநாள் கழிந்தும் சரக்கு தேங்கி நின்றது. சரக்குக் கொண்டுவரும் ஒருவர் கொடுத்த துண்டுத்தாளைப் பார்த்து, நாமே கைப்பட ஓர் அட்டை எழுதிக் கல்லாவுக்கு மேலே மாட்டினோம். திருமறையில் சொல்லப்பட்ட எண்ணெய், நபிவழி மருந்து, சர்க்கரை வியாதியைத் தீர்க்கும், மாத்திரை வேண்டாம் என்பதே அதன் வாசகம். மேலே ஒரு திருவசனத்தின் பொருளையும் எழுதிவைத்தோம். சரக்கு நகர்ந்தது. நாமும் மகிழ்ந்தோம்.

நமது வாடிக்கைக்காரர்களில் ஒரு மூதாட்டி உண்டு. இந்து சமயத்தவர். கணவனும் மனைவியுமாக ஆயுள் முழுவதும் பால்மரம் வெட்டியவர்கள். இப்போது அந்தத் தோட்டத்தில் பால்மரமும் இல்லை, லயமும் இல்லை, செம்பனைதான் நிற்கின்றது. அவர் மகன் வீட்டில் தாமானில் இருக்கிறார். மாதம் ஒரு போத்தலாக அந்த எண்ணெயை வாங்கிச் சென்றார். பிறகு இரண்டு மாதம் ஆளைக் காணோம். ஒருநாள் அவருடைய பேரன் வந்து, பாட்டிக்குக் காலில் புண் வந்து, பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு விரலை எடுத்துவிட்டார்கள் என்றான். அரசாங்கக் கிளினிக்கில் கொடுத்த மாத்திரையைப் பல மாதங்களாக அவர் விழுங்கவே இல்லையாம். வீட்டார் கேட்டதற்கு, "பாய் கடையிலே எழுதிப் போட்டிருக்காங்க. பாய் பொய் சொல்லமாட்டாரு" என்றாராம்.

சகோதரர்களே, நமது வாழ்நாளில் பலரிடம் பல வசவுகள் வாங்கியிருக்கின்றோம். அந்த ஒரு நற்சாட்சியைப்போல் எந்த வசவும் நம்மைச் சுட்டதில்லை.

அன்று மாலையே அவரைப் பார்க்கச் சென்றோம். வாங்கிய போத்தல்களுக்கெல்லாம் கணக்குப் பார்த்துப் பணத்தை ஓர் உறையிலிட்டு எடுத்துச் சென்றோம். தவறு நம்முடையது, மன்னிக்க வேண்டும் என்றோம். அவர் உறையைத் தொடவில்லை. "பணம் கிடக்கட்டும் பாய். அந்த அட்டையைக் கழட்டிட்டீங்களா?" என்று கேட்டார். நாம் பதில் பேசவில்லை. ஏனெனில் அட்டை அப்போதும் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது! மன்னிப்புக் கேட்க ஓடிவந்த நமக்கு அதைக் கழற்றவேண்டும் என்று தோன்றவில்லை. பணத்தைப் பற்றிய கணக்கே நம் மூளையில் இருந்தது. அடுத்து வந்து அந்த அட்டையைப் படிக்கப்போகும் மற்றொரு பாட்டியைப் பற்றிய கவலை, விரலை இழந்த அவருக்குத்தான் இருந்தது.

திரும்பி வந்து கழற்றினோம். பணத்தைப் பிறகு அவருடைய மகனிடம் வற்புறுத்திக் கொடுத்தோம். அடியார்களுக்குச் செய்த தீங்கை, அந்த அடியார் மன்னிக்காமல், வெறும் தௌபாவினால் கழுவிவிட முடியாது என்று மதரஸாவில் ஓதியிருக்கின்றோம் அல்லவா? அவர் மன்னித்ததாகவே சொன்னார். ஆயினும் எடுத்த விரல் முளைக்கப்போவதில்லை.

இதில் நாம் செய்த குற்றம் எது என்று ஆராய்வோம். எடையில் குறைக்கவில்லை. கலப்படம் செய்யவில்லை. விலையைக்கூட நியாயமாகவே வைத்தோம். அப்படியானால் முதஃப்பிபீன் அத்தியாயத்தில் அல்லாஹ் கேடு என்று எச்சரிக்கும் அளவுமோசக்காரர் பட்டியலில் நாம் இல்லையென்று ஆறுதல் கொள்ளலாமா? கொள்ளலாகாது. வியாபாரியிடம் இரண்டு தராசுகள் உண்டு. ஒன்று மேசைமேல் இருப்பது. மற்றொன்று வாய்க்குள் இருப்பது. மேசைத் தராசைச் சட்டப்படி சோதித்து முத்திரையிடுகிறார்கள். நாவெனும் தராசுக்கு முத்திரையிட அதிகாரி இல்லை. மறுமையில்தான் சோதனை. உள்ள குணத்தைவிட அதிகமாகச் சொல்வதும், உள்ள குறையைச் சொல்லாமல் விடுவதும் அளவில் மோசம் செய்வதே.

நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் ஒருமுறை கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றினுள் தம் திருக்கரத்தை நுழைத்துப் பார்த்தார்கள். உள்ளே ஈரமாயிருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்றார் அந்த வியாபாரி. மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக்கூடாதா என்று கேட்டு, மோசம் செய்பவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இது பதிவாகியிருக்கின்றது. அந்த வியாபாரி மழையைத்தான் மறைத்தார். நாமோ உண்மையையே மறைத்தோம். வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசிக் குறையை வெளிப்படுத்தினால் அவர்களின் வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும் என்றும், மறைத்துப் பொய் சொன்னால் பரக்கத் அழிந்துவிடும் என்றும் நபிகளார் அருளியதை புகாரி ஷரீபில் காண்கின்றோம். சத்தியம் செய்து விற்றால் சரக்கு போய்விடும், ஆனால் பரக்கத்தும் கூடவே போய்விடும் என்பதும் அவர்கள் எச்சரித்ததே. நாம் செய்தது அதனினும் மோசம். அல்லாஹ்வின் வசனத்தையே அட்டையில் எழுதி, அதை நமது கடைப்பையனாக்கி, வாசலில் நிறுத்திக் கூவச்செய்தோம். தன் வசனங்களை அற்ப விலைக்கு விற்காதீர்கள் என்று பகரா அத்தியாயத்தில் தடுத்திருப்பது நம் போன்றவர்களையும் குறிக்காதா?

எண்ணெயில் நன்மை இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. ஜைத்தூன் எண்ணெயை உண்ணவும், மேனியில் பூசவும், அது பரக்கத்தான மரத்திலிருந்து வருவதாக நாயகம் அவர்கள் அருளியது திர்மிதீயிலும் இப்னு மாஜாவிலும் வந்துள்ளது. ஆனால் அதே நாயகம் அவர்கள், வைத்தியம் செய்துகொள்ளுங்கள் என்றும் அல்லாஹ்வின் அடியார்களுக்குக் கட்டளையிட்டார்கள். மாத்திரையை நிறுத்துங்கள் என்று எந்த ஹதீதில் இருக்கின்றது? அது நாமாகச் சேர்த்த கலப்படம். நாட்டின் சட்டமும் இதைத் தடுக்கின்றது. 1956-ஆம் ஆண்டின் மருந்துகள் விளம்பரச் சட்டப்படி, சர்க்கரை வியாதி போன்ற நோய்களைத் தீர்க்கும் என்று எந்தப் பொருளுக்கும் விளம்பரம் செய்தல் குற்றமாகும். அட்டையை எழுதியபோது அச்சட்டத்தை நாம் அறியவில்லை. ஆனால் பொய் ஹராம் என்பதை அறியாமலிருந்தோமா?

நம் முன்னோர்களை நினைத்துப் பாருங்கள். 1877-ல் கோலகங்சாரில் 9 ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அக்காலத்து மரமொன்று இன்றும் அவ்வூரில் காட்டப்படுகின்றது. பின்பு இந்தப் பேராக் மாநிலமெங்கும் தோட்டங்கள் எழுந்தன. தமிழகத்திலிருந்து பாட்டாளிகள் வந்தார்கள். அவர்களைத் தொடர்ந்து நமது பாட்டனார்கள் மூட்டையோடும் தராசோடும் வந்தார்கள். விடியுமுன் மரம் வெட்டப் போகும் அந்த மக்களில் பலருக்கு எழுதப்படிக்கத் தெரியாது. மாதமெல்லாம் கடனுக்கு வாங்கிச் சம்பள நாளில் தீர்ப்பார்கள். கடைக்காரர் கணக்குப் புத்தகத்தில் என்ன எழுதினாரோ அதுவே கணக்கு. 1950-களிலும் 1960-களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது அக்குடும்பங்கள் சிதறின. அந்நிலையைத் தடுக்கவே, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். தோட்டம் போயிற்று, லயம் போயிற்று. ஆனால் பாய் கடையின் எழுத்தை நம்பும் பழக்கம் மட்டும் அந்த முதியவர்களிடம் போகவில்லை. அது நமது பாட்டனார்கள் தேடிவைத்த சொத்து, நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அந்தச் சொத்தை எடுத்துத்தான் நாம் தேங்கிய போத்தல்களை விற்றோம்.

இன்னொரு நிகழ்ச்சியும் கேளுங்கள். ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டில் அரபு நாட்டில் கொடும் பஞ்சம் உண்டாயிற்று. சாம்பல் ஆண்டு என்று அதற்குப் பெயர். அப்போது கலீபாவாயிருந்த ஹஸரத் உமர் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள், மக்களுக்கு நெய் கிடைக்கும்வரை தாமும் நெய் தொடுவதில்லை என்று உறுதி பூண்டு, ரொட்டியை ஜைத்தூன் எண்ணெயில் தொட்டே உண்டுவந்தார்கள். அதனால் அவர்கள் மேனியின் நிறமே கறுத்தது, வயிறு இரைந்தது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். பார்த்தீர்களா! அவர்கள் காலத்தில் நெய் செல்வம், ஜைத்தூன் எண்ணெய் எளிமை. நமது ஊரிலோ அந்த எண்ணெய் விலை குறைந்த சரக்கன்று. எண்ணெயை வாங்கி அலமாரியில் அடுக்குவதால் உமரின் வழி நமக்குக் கிடைத்துவிடாது. பிறர் பட்டினியைத் தம் பட்டினியாக நினைத்தார்களே, அந்த நெஞ்சைப் பெறுவதே அவர்கள் வழி. தட்டில் ஒன்றுமில்லை என்றால் காடியைக்கூட நல்ல தொடுகறி என்று புகழ்ந்து உண்டவர்கள் நம் நாயகம் அவர்கள். வசதியற்றவர் மல்லித் துவையல் அரைத்து பிஸ்மி சொல்லி உண்டாலும் அதுவும் ஸிப்குதான். ஜைத்தூன் வாங்கக் கடன்பட வேண்டாம்.

இப்போது கேட்டவர்களுக்கு வாக்களித்த செய்முறை:

கொட்டை நீக்கிய ஜைத்தூன் காய், உப்புநீரை வடித்த பின் 200 கிராம் எடுத்துக்கொள்ளவும். பச்சையும் கறுப்பும் ஒரே மரத்துக் காய்தான். காயாய்ப் பறித்தால் பச்சை, மரத்தில் பழுத்தால் கறுப்பு. ஆனால் தகர டப்பாவில் ஒரே சீராய் மை போலிருக்கும் கறுப்புக் காய்களில் பெரும்பாலானவை பழுக்குமுன் பறித்து, காரநீரில் பக்குவம் செய்து, இரும்பு உப்பினால் நிறம் நிலைக்கச் செய்தவை. தின்னத் தடையில்லை, மணம் சற்றுக் குறைவு. பறித்தவுடன் எந்த ஜைத்தூனும் கடுங்கசப்பு. உப்புநீரில் ஊறிய பிறகே உணவாகும். ஆகவே உப்பு மிகுதி. அரைமணி நேரம் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, ஒருமுறை நீரை மாற்றிப் பிழியவும். ஒவ்வொன்றையும் விரலால் அமுக்கிப் பார்க்கவும். தப்பிய கொட்டை ஒன்று பல்லை உடைத்துவிடும்.

அதனுடன் சரவாக் மிளகு கால் தேக்கரண்டி, லீமாவ் கஸ்தூரி இரண்டின் சாறு, புதினா இலை பத்து, ஜைத்தூன் எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி சேர்த்து, அம்மியிலோ மின் அரைவையிலோ கொரகொரப்பாக அரைக்கவும். மாவாக அரைத்தால் கசப்பு தலைதூக்கும். உப்புச் சேர்க்கவே வேண்டாம். வெந்நீரில் கழுவிக் காயவைத்த கண்ணாடிப் போத்தலில் இட்டு, மேலே ஒரு விரற்கடை எண்ணெய் விட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் ஒருவாரம் வரை உபயோகிக்கலாம். பூண்டு விரும்புகிறவர்கள் ஒரு பல் சேர்க்கலாம். ஆனால் பூண்டு சேர்த்ததை மூன்று நாளில் தீர்த்துவிட வேண்டும், வெளியே வைக்கவே கூடாது. எண்ணெய்க்குள் காற்றுப் புகாமல் கிடக்கும் பூண்டில், வாடையே காட்டாத கொடிய நஞ்சு உண்டாகக்கூடும். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் உப்பை உத்தேசித்து ஒரு தேக்கரண்டியோடு நிறுத்திக்கொள்க. ரொட்டி பெங்காலியைச் சுட்டு அதன்மேல் தடவினால் வெகு பொருத்தம்.

விற்கும் சகோதரர்களுக்குச் சில வார்த்தைகள். முதல் தரம் என்று விற்கும் எண்ணெய், சூடும் ரசாயனமும் இல்லாமல் பிழிந்ததாய், அமிலம் நூற்றுக்கு 0.8-க்கு மேற்படாததாய் இருத்தல் வேண்டும். பிழிந்த பின் எஞ்சும் பிண்ணாக்கிலிருந்து ரசாயனத் திரவத்தால் எடுப்பது வேறு சரக்கு. அது பொரிக்க உதவும், விலையும் குறைவு. அதை அதன் பெயரிலேயே விற்போம். ஸ்பெயினிலிருந்து வந்ததை ஸ்பெயின் சரக்கு என்போம். உலகில் அதிகமாக விளைவது அங்கேதான், அதில் வெட்கமில்லை. புண்ணிய பூமியின் பெயரைப் பொய்யாய் ஒட்ட வேண்டாம். சீனர் கடைகளில் உலர்த்தி விற்கும் கானாக் காயும், இலங்கையர் உண்ணும் வெரளிக்காயும் ஆங்கிலப் பெயரில் ஒன்றுபோல் வழங்கினாலும் வேறு வேறு மரங்கள். திருமறை சொன்ன கனி இதுதான் என்று அவற்றைக் காட்டி விற்கலாகாது. போத்தலை வெயில்படும் கண்ணாடி அலமாரியில் வைக்காதீர்கள். வெளிச்சமும் சூடும் எண்ணெயைக் கெடுக்கும். இது வியாதிக்கு நல்லதா என்று ஒருவர் கேட்டால், "நல்ல உணவு அம்மா, ஆனால் டாக்டர் கொடுத்த மாத்திரையை விட்டுவிடாதீர்கள்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்தால் ஒரு போத்தல் விற்காமல் போகலாம். ஒருவருடைய கால் தப்பலாம்.

உண்மையும் நம்பிக்கையும் உள்ள வியாபாரி நபிமார்களோடும், ஸித்தீக்குகளோடும், ஷுஹதாக்களோடும் இருப்பார் என்று நாயகம் அவர்கள் நற்செய்தி கூறியதாகத் திர்மிதீயில் வந்துள்ளது. கல்லாவில் உட்கார்ந்தே அந்த அந்தஸ்தை அடையலாம் என்றால், இதைவிட லாபமான வியாபாரம் வேறென்ன?

நமது கல்லாவுக்கு மேலே அட்டை மாட்டிய ஆணி இன்றும் இருக்கின்றது. பிடுங்கவில்லை. வேறெதையும் மாட்டவுமில்லை. சரக்கைப் பற்றி வாய் திறக்குமுன் அந்த வெற்று ஆணியை ஒருமுறை பார்த்துக்கொள்கின்றோம்.

யா அல்லாஹ், எங்கள் நாவெனும் தராசை நேராக்குவாயாக. எங்களை நம்பி வருபவர் எம்மதத்தவராயினும் அவரை மோசம் செய்யாமல் எங்களைக் காப்பாயாக. எங்கள் சொல்லால் நலம் குன்றியவர்களுக்கு நலம் அருள்வாயாக. எங்கள் ரொட்டியிலும் துவையலிலும் பரக்கத் செய்வாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன். வஸ்ஸலாம்.